காலி வண்டி

— வாட்டர் பம்ப் புதுசு, கூலன்ட் புதுசு, ரேடியேட்டரக் கழட்டி அடைப்பு எடுத்தாச்சு. ஹெட் கேஸ்கட்டும் நல்லாத்தான் இருக்கு. ஒன் லோடு வண்டி எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல, வெண்மதி.

— அப்புறம் ஏன் சூடாவுது, சுப்பராயலு அண்ணே? திருப்பாப்புலியூர்ல ஒங்கள விட்டா வேற மெக்கானிக் யாரு எனக்கு?

— அதச் சொல்லத்தான் கூப்ட்டேன். நேத்து காலைல நானே சிதம்பரம் வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். போறப்ப சூடு காட்டுற முள்ளு பாதியத் தாண்டல. திரும்புறப்ப, புதுச்சத்திரம் தாண்டி ஒரு வாய்க்கா பாலம் வருதுல்ல, அங்க ஏறுச்சு பாரு.

— அங்கதாண்ணே ஏறும். சிதம்பரத்துல கருவாட்ட எறக்கிட்டு வெறும் வண்டியா வர்றப்ப மட்டும்.

— வெறும் வண்டின்னு நீ சொல்ற. அது செகண்ட் கியர்ல மூச்சு வாங்குது. ஓரங்கட்டி எறங்கிப் பாத்தேன். பின்னாடி ஒரு கோணி கூட இல்ல. ஆனா அடியில பாரம் தாங்குற ஸ்பிரிங் பட்டை ரெண்டும் அமுங்கிக் கெடக்கு, டயரு பிதுங்கி நிக்குது. அவ்ளோ பாரத்த இழுத்தா எந்த எஞ்சினும் கொதிக்கத்தான் செய்யும்.

— பட்டை ஒடஞ்சிருக்கும்.

— ஒடஞ்சிருந்தா எனக்குத் தெரியாதா? இருந்தாலும் மனசு கேக்காம, வழியில ஒரு எடை மேடைல ஏத்துனேன். எடை போடுறவரு உள்ள உக்காந்து நம்பர மட்டுந்தான் பாக்குறாரு. மைக்குல சொல்றாரு, ஆளுங்கள எறக்கிட்டு வாங்க, நம்பரு நிக்க மாட்டேங்குதுன்னு.

— ஆளுங்களா?

— மூட்டைன்னா நம்பரு ஒரு எடத்துல நின்னுடுமாம். ஆளுங்க கால மாத்தி மாத்தி நின்னாதான் இப்டி ஆடுமாம். அப்புறம் வெளிய வந்து வண்டியப் பாத்தாரு. ஒடனே உள்ள போய் கதவ சாத்திக்கிட்டாரு.

— நீங்க பயந்துட்டீங்களா?

— பொய் சொல்ல மாட்டேன், பயந்துதான் போனேன். கண்ணாடியப் பாக்காமலே ஓட்டுனேன். பிரேக்க மட்டும் மெதுவா மெதுவா புடிச்சேன். ஏன் தெரியுமா? பின்னாடி நிக்கிறவங்க விழுந்துடக் கூடாதேன்னு தோணுச்சு.

— அப்புறம்?

— ஆலப்பாக்கத்துல கொதிச்சு நின்னுடுச்சு. எஞ்சின் ஆற ஆற, யாரோ ஒவ்வொருத்தரா எறங்குற மாதிரி பட்டை தானா மேல வந்துச்சு. டீக்கடைக்காரரு வண்டியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பெயின்ட்ட மாத்திட்டாங்க, ஆனா இது அந்த வண்டிதானேன்னாரு.

— எந்த வண்டியாம்?

— போன ஆவணியில கிள்ளைலேர்ந்து மாப்ள வீட்டுக்காரங்க திருவந்திபுரம் கோயிலுக்குக் கல்யாணத்துக்குப் போனாங்களாம், இந்த வண்டியில. அந்தப் பாலத்துல கவுந்து வாய்க்காலுக்குள்ள போயிடுச்சாம். மாப்ள உட்பட ஒருத்தரும் பொழைக்கலயாம்.

— ம்.

— ஒனக்கு வித்தவன் அத மறச்சுட்டான். விட்டுத் தள்ளும்மா. பழைய இரும்புக்கு ஒடைக்கிறவங்க கிட்ட நான் பேசுறேன். ஒத்தையில ஓட்டுற பொம்பள நீ, இது ஒனக்கு வேணாம்.

— அவன் மறைக்கலண்ணே. தெரிஞ்சுதான் தேடிப் போய் வாங்குனேன்.

— தெரிஞ்சா? ஏம்மா?

— அந்தப் பாலத்துல அவுங்க ஏறுறது எனக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் திருவந்திபுரத்துக்குத்தான் ஓட்டுறேன். ஆலப்பாக்கம் தாண்டறதுக்குள்ள கொதிச்சு நின்னுடுது, அவுங்களும் எறங்கிப் பாலத்துக்கே திரும்பிப் போயிடுறாங்க. வேற ஒண்ணும் வேணாம்ணே, கோயில் வாசல் வரைக்கும் எஞ்சின் தாங்குனா போதும். அன்னைக்கு அங்க மாலையோட காத்துக்கிட்டு நின்ன பொண்ணு நான்தான்.