வெண்ணெய்க்கு மூன்று நிறம்

மழைக்காலத்தில் நீலம் சீக்கிரம் காயாது, ஐயா. அதனால் எங்கள் பட்டறையில் அடுப்பைச் சற்றுக் கூடுதலாகவே எரிப்போம்.

நான் யூலாலி. கார்னோ ஐயாவின் அச்சகத்தில் கேலிச்சித்திரங்களுக்கு வண்ணம் தீட்டுபவள். படம் வரைபவர் ஒரே ஒரு தாளுக்குத் தன் கையால் வண்ணமிட்டு, ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அந்த மாதிரித் தாளைப் பார்த்து நாங்கள் மற்றத் தாள்களுக்குத் தீட்டுவோம். யோசிப்பது எங்கள் வேலை அல்ல.

அரசரைக் கேலி செய்யும் படங்களை நாங்கள் மறைவாக விற்றுவந்தது உங்களுக்குத் தெரியும். அவை வெளியே போவதற்குள் காவலர்கள் வந்துவிடுவார்கள். உள்ளேயிருந்து யாரோ சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஆன்செல்ம் பிரிவே மீது சந்தேகம் வந்தது. படங்களை வரைபவரே அவர்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் தண்டனை கார்னோ ஐயாவுக்கு. இவருக்கு எதுவும் ஆவதில்லை. மேலும், என்னிடம் அதிகமாகப் பேச்சுக் கொடுத்தார்.

"என்ன யூலாலி, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லேன்."

பேசாத ஒருத்தியின் மனதில் இருப்பது அவருக்கு எதற்கு?

வெறும் சந்தேகத்தால் ஒருவரைக் குற்றவாளி என்பது நியாயமில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும்.

அப்போது அவர் வரைந்திருந்தது ஒரு மளிகைக்காரன். தொப்பையும் கிருதாவுமாகத் தராசில் வெண்ணெய் நிறுக்கிறான். படங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்ற புதிய சட்டப்படி அதிகாரிகளிடம் காட்டினோம். அவர்கள் பார்த்தது கறுப்பு மையில் அச்சான தாளை. அனுமதி கொடுத்தார்கள். கார்னோ ஐயா வெளியூர் போயிருந்தார். மதியம் எல்லோரும் சூப் குடிக்கப் போனபோது மாதிரித் தாளை எடுத்தேன். ரோஜா நிறக் கன்னத்தின்மேல் பழுக்காத பேரிக்காயின் நிறத்தைப் பூசினேன். பாரிஸில் பேரிக்காய் என்றால் அரசர்; அவர் முகத்தை அப்படித்தான் வரைந்து கேலி செய்வார்கள். வெண்ணெய்க் கட்டிக்கு நீலம், வெள்ளை, சிவப்பு. இப்போது அரசர் தேசத்தின் கொடியை வெட்டி எடைபோட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

ஆன்செல்ம் போலீஸின் ஆள் என்றால் பிடித்த மறுநாளே விட்டுவிடுவார்கள். விடாவிட்டால் அவர் நிரபராதி. நான் உண்மையைச் சொல்லிவிடுவேன். எளிய சோதனை.

பெண்கள் சிரித்துக்கொண்டே தீட்டினார்கள். "அடியே, நம்ம வெண்ணெயை நமக்கே விக்கிறாருடி மகராசன்!" என்றாள் பபெத்.

கடைச் சன்னலில் மாட்டியதும் கூட்டம் கூடியது. காவலர்கள் வந்தார்கள். மாதிரித் தாளை ஆன்செல்மிடம் நீட்டினார்கள்.

"இது உன் கையெழுத்துதானே?"

அவர் படத்தையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆமா, எல்லாம் என் கைவேலைதான்," என்றார். "வெண்ணெய் பிரமாதமா வந்திருக்கு, இல்ல?"

நிரபராதி என்றால் மறுத்திருப்பார் அல்லவா?

அவரை விடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு உங்கள் காவல் நிலைய வாசல்வரை வந்தேன். அப்போதுதான் புரிந்தது. உடனே விட்டால் ஊரே கண்டுபிடித்துவிடும். போலீஸ் அவ்வளவு முட்டாள்களா? திரும்பிப் போய்விட்டேன்.

குளிர்காலம் முடியும் சமயம் அவருடைய தங்கை மர்த் பட்டறைக்கு வந்தாள். கறுப்பு உடை. சிறையில் காய்ச்சல் வந்து அண்ணன் இறந்துவிட்டதாகச் சொன்னாள்.

"உன்னைத் திட்டக்கூட விடலடி அவன். 'யூலாலி சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா, அவளைக் காட்டிக்குடுக்காத'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான்."

நான் தூரிகையைக் கழுவினேன். தாளின் நிறத்தை மாற்றியதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சிறைக்குள் இருந்தவருக்கு எப்படித் தெரிந்தது? யார் சொல்லியிருப்பார்கள்? மர்த்தின் அழுகை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உடலை அவளுக்கும் காட்டவில்லையாம். காய்ச்சல் என்பதால் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டார்களாம்.

ஆம், ஐயா, நிறத்தை மாற்றியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பதிலுக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

ஆன்செல்முக்கு எந்த ஊரில் வீடு கொடுத்திருக்கிறீர்கள்?