கைகோத்த கிணறுகள்

2004இல் ஒரு மாலை, ஜெர்மனியில் டோர்ட்மண்டிலிருந்து ஹம் போகும் ரயில். எதிர் இருக்கையில் வேலை முடித்த இரண்டு தமிழர்கள், ஒருவர் தலையில் தொப்பி. தொப்பிக்காரர் சொன்ன ஒரு வசனத்துக்குப் பிறகு நான் பேப்பரைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன், படிக்கவில்லை.

“அவன்ரை ஊரிலை கிணறெல்லாம் நிலத்துக்குக் கீழாலை கைகோத்துக்கொண்டு நிக்குதாம்.”

“ஆரின்ரை ஊரிலை, அண்ணை?”

“எங்களோடை வேலை செய்யிற பஷ்தூன்காரன்ரை. ஆப்கானிஸ்தானிலை கந்தகார் பக்கம், மாதுளைத் தோட்டம் செய்யிற சின்ன நகரம். மழை குறைவு. மலையடியிலை இருந்து ஊர் வரைக்கும் வரிசையாக் கிணறு. அடியிலை எல்லாத்தையும் ஒரு சுரங்கம் தொடுக்குது. மலைத்தண்ணி தானா நடந்து வருது. இறைக்க மெசினும் இல்லை, துலாவும் இல்லை.”

“ஆர் வெட்டினது?”

“அவைக்கே தெரியாது. மேலாலை எத்தினை ராசாக்களின்ரை படை போச்சுது, ரஷ்யாக்காரன்ரை டாங்கி போச்சுது. கீழை தண்ணி தன்ரை பாட்டிலை ஓடினதாம்.”

“ஊர் முழுக்க ஒரே தண்ணியோ? சண்டை வராதோ?”

“முறை வைச்சு விடினம்.”

“ஊரிலை எங்கடை கிணறு ரெண்டே ரெண்டு வீட்டுக்குத்தான். அதுக்கே நடுவாலை தகரம் அடிச்சிருக்கு.”

தொப்பிக்காரர் சிரிக்கவில்லை.

“இன்னும் கேளும். அவன்ரை ஆக்கள் ஒருத்தரும் இப்ப அங்கை இல்லை. ஆனா அவன்ரை முறை வந்தா, அயலுக்கை உள்ளவை இண்டைக்கும் அவன்ரை தோட்டத்துக்கு வாய்க்காலைத் திறந்து விடினமாம்.”

“ஆளில்லாத தோட்டத்துக்கோ? ஏன்?”

“நானும் அதைத்தான் கேட்டனான். ‘வெளிக்கிட்டது நாங்கள்தானே, மரங்கள் இல்லையே’ எண்டான்.”