ரெண்டு மில்லிமீட்டர்

– இன்னும் கொஞ்சம் அமுக்குங்க தம்பி, உள்ள போயிடும். நான் தாங்கிக்குவேன்.

– அமுக்கி மாட்ட இது ஹெல்மெட் இல்லைங்கய்யா. பத்து நாள் முன்னாடி உங்க முகத்து மேலயே வச்சு அச்செடுத்த மாஸ்க். அன்னிக்கு அவ்வளவு கச்சிதமா உக்காந்துச்சு. இன்னிக்குக் கன்னத்துல தடம் விழுது.

– நாப்பது வருசமா துணி தைக்கிறவன் நான். சட்டை பத்தலைன்னு எவனாச்சும் திரும்பி வந்தா, "தையல்ல கோளாறு இல்ல சார், உங்க உடம்பு ஏறிடுச்சு"ம்பேன். அதையே எனக்குத் திருப்பிச் சொல்றீங்க.

– நெஜமாவே ஏறித்தான் இருக்கு. இருங்க, கழட்டிடுறேன். அம்மா! வெளியில உக்காந்திருக்கிற அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க.

– என்னாச்சு தம்பி? அதுக்குள்ள கதிர் வச்சு முடிச்சிட்டீங்களா?

– ஆரம்பிக்கவே இல்லைம்மா. உங்க வீட்டுக்காரர் முகம் வீங்கியிருக்கு. மாஸ்க் உக்கார மாட்டேங்குது.

– லேசாப் பூசினாப்ல இருக்காரு, அவ்வளவுதானே? இப்பத்தான் நல்லா சாப்பிடுறாரு.

– அளவு தப்பிப்போச்சுடி. தம்பி தையலைப் பிரிக்கணுங்கிறாரு.

– நீங்க சும்மா இருங்க. எதுக்கெடுத்தாலும் ஒரு விளையாட்டு. தம்பி, இன்னிக்கு ஒரு நாள் எப்படியாச்சும் பண்ணிவிட்டுருங்க. இந்த ஒரு நாளுக்காகத்தான் உசுரக் கையில பிடிச்சிட்டு இருக்கேன்.

– முடியாதும்மா. நுரையீரல்ல இருந்து புத்துநோய் மூளைக்குப் பரவினதுல மூணு கட்டி. மூணும் பட்டாணி அளவுதான். ஆனா ஒண்ணு கண்ணு நரம்பு பக்கத்துல உக்காந்திருக்கு. அதுக்கும் நரம்புக்கும் நடுவுல ரெண்டு மில்லிமீட்டர் இடைவெளிதான். தலை அந்த ரெண்டு மில்லிமீட்டர் நகர்ந்துச்சுன்னா கதிர் நரம்புல படும், பார்வை போயிடும். தலை அசையக்கூடாதுன்னுதான் இந்த மாஸ்க்கே.

– ரெண்டு மில்லிமீட்டர்னா ஒரு தையலுக்கும் கம்மி.

– அதேதாங்கய்யா.

– அப்ப எப்பத் தம்பி?

– புது மாஸ்க் எடுக்கணும். புது ஸ்கேன். டாக்டர் திரும்பக் கணக்குப் போடணும். ஒரு வாரமாவது ஆகும். அதுக்குள்ள அந்தக் கட்டி வளராம இருக்கணும். வளர்ந்து நரம்பைத் தொட்டுருச்சுன்னா, ஒரே நாள்ல குறிவச்சு எரிக்கிற இந்த வைத்தியம் பண்ண முடியாமக்கூடப் போகலாம்.

– ஐயோ.

– அதான் கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. மூளை வீக்கத்துக்குக் குடுத்த மாத்திரை ஒரு நாளைக்கு நாலு போட்டுட்டு இருந்தீங்க. ரெண்டாக் குறைக்கச் சொன்னாரே டாக்டர், குறைச்சீங்களா?

– குறைச்சாச்சு தம்பி. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. நானே எடுத்துப் போட்டுக்குறேன்.

– அந்த மாத்திரைதாங்கய்யா முகத்தை ஊத வைக்கும். ரெண்டுக்கு இவ்வளவு ஊதாது. முன்னைவிட அதிகமா உள்ள போயிருக்கு. அம்மா, நீங்க ஏன் தரையவே பாக்குறீங்க?

– ஒண்ணுமில்ல தம்பி.

– அம்மா.

– பால்ல கலந்தேன்.

– என்னத்தடி கலந்த?

– மாத்திரையத்தான். பொடி பண்ணி, நிறைய சக்கரை போட்டு. கசப்பு தெரியக்கூடாதேன்னு.

– எத்தனைம்மா?

– தினம் நாலு. ஏழு நாளா.

– அவர் போடுற ரெண்டோட ஆறா? என்ன காரியம்மா பண்ணி வச்சிருக்கீங்க! யார் சொல்லி இப்படிச் செஞ்சீங்க?

– யாரும் சொல்லலை. குறைச்ச மூணாம் நாள் காலைல டீ கொண்டு போய் நீட்டுறேன், என் மூஞ்சியவே பாக்குறாரு. "நீங்க யாரும்மா, எங்க வீட்ல என்ன பண்றீங்க"ன்னு கேக்குறாரு. "நீங்க"ங்கிறாரு தம்பி! முப்பத்தொரு வருசத்துல அந்த வாய் எனக்கு அப்படி ஒரு மரியாதை குடுத்ததில்லை. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. நாலு போட்டப்ப நல்லாத்தானே இருந்தாரு, குறைச்சதாலதான் இப்படின்னு என் மரமண்டைக்குப் பட்டுச்சு. மறுநாள் பேரு சொல்லிக் கூப்பிட்டாரு. அதுக்கப்புறம் நிறுத்த மனசு வரலை.

– அன்னிக்கே ஒரு போன் போட்டு டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கலாமே.

– முத்திப்போச்சு, இனிமே கதிர் வச்சுப் பிரயோசனமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டா? அந்தப் பயந்தான்.

– அப்படி யாரும் சொல்ல மாட்டாங்கம்மா. சொல்லாம விட்டதாலதான் இப்ப நாள் தள்ளிப்போகுது.

– நானே என் கையால இவரு கண்ணைக் கெடுத்துட்டேனே. நான் எல்லாம் ஒரு பொம்பளையா!

– ஏய், அழாத. இங்க பாரு. பாருங்கிறேன்ல.

– என்ன?

– அது வெளாட்டுக்குடி.

– எது?

– அன்னிக்கு யாருன்னு கேட்டது. சும்மா உன்னைச் சீண்டிப் பாத்தேன். நீ பேயறைஞ்ச மாதிரி டம்ளரை வச்சிட்டு உள்ள போயிட்ட. திரும்பி வந்தா சேந்து சிரிக்கலாம்னு உக்காந்திருந்தேன். நீ வரவே இல்ல.

– விளையாட்டா?

– சத்தியமா.

– பாவி மனுசா! ஏழு நாளா எனக்குச் சோறு தண்ணி இறங்கலை. குளிக்கிற ரூமுல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். அது உங்களுக்கு விளையாட்டா?

– ஐயா, இதுலயுமா விளையாடுவாங்க?

– இந்த ஆளு விளையாடுவாரு தம்பி! கல்யாணத்தன்னிக்கே, "பொண்ணை மாத்திட்டாங்க, நான் பாத்த பொண்ணு இது இல்ல"ன்னு எங்கப்பாகிட்டப் போய்ச் சொன்னவரு. அவருக்கு மயக்கமே வந்துருச்சு.

– சிரிக்கிறா பாருங்க.

– யாரு சிரிச்சா? வீட்டுக்கு வாங்க, உங்களை வச்சுக்குறேன்.

– சரிம்மா, கண்ணைத் தொடைங்க. டாக்டர் ரூம் வாசல்ல நர்ஸ் இருப்பாங்க. பால் விசயத்தை நீங்களே ஒண்ணு விடாமச் சொல்லிடுங்க. பயந்துட்டு மாத்திரைய அடியோட நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து. அவங்க சொல்ற கணக்குல குறைக்கணும்.

– போறேன் தம்பி. விளையாட்டாம்ல, விளையாட்டு! அப்பாடா. நான் வர்ற வரைக்கும் இவரு பேச்சை எதையும் நம்பாதீங்க.

– போயிட்டாளா?

– போயிட்டாங்க. ஏங்கய்யா இப்படி? ஒரு பேச்சால ஒரு வாரம் போச்சே.

– கதவைச் சாத்துங்க தம்பி.

– சாத்திட்டேன். சொல்லுங்க.

– டாக்டருக்குத் தெரியணும், எழுதிக்குங்க. அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அன்னிக்கு எனக்கு நெசமாவே அவ யாருன்னு தெரியலை.