மாப்பிள்ளைக்கு நான் வாசித்த சாம்பலன்

படம் பார்ப்பதென்றால் விளக்கை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும், மேடம். வறுவல் பொட்டலத்தைக் கரகரவென்று பிரித்துக்கொண்டு, நடுவில் எழுந்து போய் ஃபோன் பேசிவிட்டு வருபவர்களை எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. அதற்காக யாரையும் கடிந்து பேசியதும் இல்லை. மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவனுக்குப் பொறுமை தானாக வந்துவிடும்.

நீங்கள் கேட்டது என் தங்கை கணவரைப் பற்றி. சொல்கிறேன். ஆனால் சாம்பலனிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

சாம்பலன் ஒரு வெளிநாட்டுப் படத்தின் நாயகன். தீயில் வெந்து சாம்பலாகிப்போன தீயணைப்பு வீரன். எங்காவது யாராவது தவித்தால் அந்தச் சாம்பலிலிருந்து எழுந்து வருவான். ஒவ்வொரு முறை எழும்போதும் அவனுடைய நினைவு ஒன்று போய்விடும். முதலில் அம்மாவின் குரல் போகும். பிறகு தெருவின் பெயர். பிறகு மகளின் முகம். மூன்று படங்கள் வந்தன. மூன்றும் வைரம். அப்புறம் அதை டிவி தொடராக இழுத்தார்கள். தொடரில் அவனுக்கு எல்லா நினைவும் திரும்ப வந்துவிட்டது. எப்படி வந்தது என்றால், ஒரு மெஷின். ஒரு மெஷின், மேடம். செத்த வில்லன் வந்தான், அவனுடைய தம்பி வந்தான், பேசுகிற நாய் ஒன்றுகூட வந்தது.

சனிக்கிழமை சாயங்காலங்களில் மாப்பிள்ளையின் தையல் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் கூடுவோம். மூலையில் வெட்டுத்துணிக் குவியல், மேஜையில் சூடு ஆறாத இஸ்திரிப் பெட்டி, சுவரில் அவர் ஆசை ஆசையாக வாங்கி மாட்டிய பெரிய டிவி. நான், மாப்பிள்ளை, கணக்கு டீச்சர் ஒருவர், கூரியர் வண்டி ஓட்டும் ஒருவர். அவரைப் 'பார்சல்' என்றுதான் கூப்பிடுவோம். படத்தில் பேசும் மொழி எங்கள் யாருக்கும் தெரியாது. திரையின் அடியில் ஓடும் தமிழ் எழுத்தைப் படித்துத்தான் பார்ப்போம். பார்த்து முடித்ததும் விவாதம்.

விவாதம் என்று நான்தான் சொல்கிறேன். உண்மையில் நான் பேசுவேன், அவர்கள் சிரிப்பார்கள்.

"மாப்ள, அந்த மெஷின் எங்கேருந்து வந்துச்சு? ஒரே ஒரு காரணம் சொல்லுங்க."

"எங்கேருந்து வந்தா என்ன மச்சான்? அவனுக்கு அம்மா குரல் ஞாபகம் வந்துடுச்சுல்ல. எனக்குத் தொண்டையை அடைச்சிருச்சு."

"அப்போ மூணு படத்துல அவன் இழந்ததுக்கு என்ன அர்த்தம்?"

"பாவம் மச்சான், எவ்வளவு காலம்தான் அவனும் கஷ்டப்படுவான்?"

"விடுங்க சார்," என்பார் பார்சல். "ஜாலியா பாக்க வேண்டியதை பரீட்சை பேப்பர் மாதிரி திருத்திட்டு இருக்கீங்க."

டீச்சரும் சிரிப்பார். பரீட்சை பேப்பர் திருத்துகிறவரே சிரித்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து விரிவாக எழுதி அனுப்புவேன். தொடர் எங்கே தடம் புரண்டது, எந்தக் காட்சி எந்தப் படத்தை அவமதிக்கிறது என்று பத்தி பத்தியாக. கீழே பார்சல் ஒரு கட்டைவிரலைப் போடுவார். மாப்பிள்ளை, "சூப்பர் மச்சான், அடுத்த பாகம் எப்போ?" என்று கேட்பார். படிக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவர் கெட்டவர் இல்லை. என் தங்கையை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறவர். அவரிடம் எனக்குப் பகை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது அபாண்டம். அவருக்கு எல்லாமே பிடித்தது, அவ்வளவுதான். நல்லது எது, குப்பை எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அப்படிப்பட்ட ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் அவருக்குக் கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது என்றார். வலி இருக்காது, ஓரப்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது. ஆனால் சொட்டு மருந்தை விடாமல் போட்டுக்கொண்டால் ஆயுசுக்கும் கவலை இல்லை. தங்கை அழுதாள். நான்தான் தேற்றினேன். "மருந்து என் பொறுப்பும்மா. நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். மனசார சொன்னேன்.

பல மாதம் ஒழுங்காக வாங்கிக் கொடுத்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை கடையில் அந்த மருந்து தீர்ந்துபோயிருந்தது. கண் வறண்டால் விடுகிற சாதாரணச் சொட்டு மருந்தை அவருடைய காலி பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். இல்லை என்றால் பயந்துவிடுவாரே என்றுதான். சரக்கு வந்ததும் மாற்றிவிடலாம் என்று இருந்தேன்.

"மச்சான், முன்னாடி எரியும். இப்போ எரியவே மாட்டேங்குதே?" என்று கேட்டார்.

"கம்பெனி மாத்திட்டான் மாப்ள. இது புதுசு."

"நல்லதாப் போச்சு," என்று சந்தோஷப்பட்டார். அதுவும் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

சரக்கு வந்தது. நான் மாற்றவில்லை. ஏன் என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, திரையின் ஓரத்தில் வில்லன் கத்தியோடு நிற்கிறான். மாப்பிள்ளை அவனைப் பார்க்கவே இல்லை. சாம்பலன் திடீரென்று விழுந்ததும் என் பக்கம் திரும்பி, "என்ன மச்சான் ஆச்சு?" என்றார். நான் விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டார். அத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒரு காட்சியைப் பற்றி நான் சொன்னதை அந்த மனிதர் கடைசி வரை கேட்டார், மேடம். அன்றைக்கு நடந்தே வீட்டுக்குப் போனேன். கால் தரையில் படவில்லை.

அதற்குப் பிறகு நான் எதையும் மறக்கவில்லை. தெரிந்துதான் கொடுத்தேன்.

அவர் கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். பக்கத்திலேயே கிடக்கும் கத்தரிக்கோலைத் துழாவினார். சட்டைக் காலர் கோணலாகிறது என்று வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தங்கை மறுபடியும் டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றாள். "நான் பேசிட்டேன், மருந்து வேலை செய்ய நாளாகுமாம்," என்றேன். கடையைச் சாத்தினார்கள். தங்கை ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகுதான் கூட்டிப்போனாள். டாக்டர், "மருந்தை ஒழுங்கா விட்டீங்களா?" என்று கேட்டாராம். ஒருவேளைகூடத் தவறியதில்லை என்று அவள் சத்தியம் செய்தாளாம். அவளும் பொய் சொல்லவில்லை. சிலருக்கு மருந்து கேட்பதில்லை என்று அவர் உதட்டைப் பிதுக்கினாராம்.

டீச்சரையும் பார்சலையும் இனி வர வேண்டாம் என்றேன். மாப்பிள்ளை சோர்ந்திருக்கிறார், யாரையும் பார்க்க விரும்பவில்லை என்று சொன்னேன். டிவி அவர் வீட்டுக்கு வந்தது. அதன் பிறகு சனிக்கிழமைகள் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்.

அவருக்கு எழுத்து தெரியவில்லை. உருவங்களும் நிழலாகத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். முதலில் உள்ளதைத்தான் வாசித்தேன். ஆனால் எவ்வளவு நேரம்தான் அந்தக் கண்றாவியை என் வாயால் சொல்வது? நாயை எடுத்துவிட்டேன். "அது என்ன மச்சான் குரைக்கிற மாதிரி?" என்றார். "தெருவுல, மாப்ள," என்றேன். மெஷினை எடுத்தேன். சாம்பலன் மறுபடியும் ஒவ்வொன்றாக இழந்தான். கடைசியில் மகள் எதிரே வந்து நிற்கிறாள், அவனுக்கு அடையாளம் தெரியவில்லை, அவளைக் காப்பாற்றிவிட்டு யாரோ போலக் கடந்து போய்ச் செத்துப்போகிறான். திரும்பவே இல்லை. அந்தக் காட்சியைச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது. திரையில் அப்போது யாருடைய கல்யாணத்திலோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை டிவி பக்கமிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு சொன்னார்: "சரியில்ல மச்சான். எனக்குப் பிடிக்கல."

அத்தனை வருஷம் இந்த வார்த்தைக்காகத்தான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருந்தேன். அன்றைக்கு அவர் சொன்னது என் கதையைப் பற்றி.

"என்ன பிடிக்கல?" என்றேன்.

"எல்லாரும் சோகமாவே பேசுறாங்க. ஆனா பின்னாடி மியூசிக் ஜாலியா போகுது. பொருந்தவே மாட்டேங்குது. எடுத்தவனுக்கு ரசனையே இல்ல மச்சான்."

நான் கோபப்படவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். சொட்டு மருந்தையும் விட்டேன்.

மறுநாள் டீச்சர் சொல்லாமல் கொள்ளாமல் அவரைப் பார்க்க வந்துவிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். அவர்கள் வேறு என்ன பேசுவார்கள்? மாப்பிள்ளை ஆற்றாமையோடு சொன்னார், "அவனைக் கொன்னுட்டாங்களே டீச்சர். பெத்த பொண்ணையே தெரியாம செத்தானே."

"யாரு செத்தா? பொண்ணு கல்யாணத்துல டான்ஸ் ஆடுறானே. நாய்தான் மோதிரமே எடுத்துட்டு வருது."

"எந்த நாய்?" என்றார் மாப்பிள்ளை.

டீச்சர் என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையும் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். சரியாக என் பக்கம் இல்லை. கொஞ்சம் தள்ளி, அலமாரியைப் பார்த்தபடி கேட்டார்.

"மருந்தும் இப்படித்தானா மச்சான்?"

சத்தம் போடவில்லை. சட்டையைப் பிடிக்கவில்லை. சமையலறையிலிருந்து வந்த தங்கை என் முகத்தை ஒருதடவை பார்த்தாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் டாக்டர் வீட்டுக்குப் போனாள். "அண்ணா" என்று அவள் என்னைக் கூப்பிட்டது அதற்கு முந்தின நாளோடு சரி.

ஆமாம், மேடம். பாட்டிலை மாற்றியது நான்தான். பார்வை போகும் என்று தெரியும், போனால் திரும்பாது என்றும் தெரியும். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. ஆனால் அவர் கண்ணில் கெடுதலான எதையும் நான் ஒரு சொட்டுகூட விட்டதில்லை. அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். சாம்பலன் மறுபடியும் படமாக வருகிறது, பழைய இயக்குநரே எடுக்கிறாராம். அன்றைக்கு ஒரு மூன்று மணி நேரம், கூட ஒரு போலீஸ்காரரை வேண்டுமானாலும் அனுப்பி, என்னை மாப்பிள்ளை பக்கத்தில் உட்காரவிடுங்கள். தங்கைக்கு அதில் வருகிறவர்களின் பெயர்கூடத் தெரியாது. டீச்சர் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறாராம். திரையின் அடியில் என்ன வருகிறதோ அதை அப்படியே வாசித்துவிடுவார். பாவம் மாப்பிள்ளை, கண்ணும் தெரியாத மனிதர். அதை வேறு அவர் எப்படித் தாங்குவார்?