வெளுத்த பட்டை

நல்ல வெயிலில் போன் திரை சரியாகத் தெரியாது. இது எல்லோருக்கும் உள்ள தொல்லைதான், உங்களுக்கும் இருக்கும். எங்கள் வேலையே அந்தத் தொல்லையில்தான் தொடங்கியது, அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் ஜாஸ்பர். நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவன். பக்கத்து ஊரான வடக்குத்தில் மொபைல் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன கம்பெனி, அங்கே ஆப்களுக்குத் திரை அமைப்பது என் வேலை. அதற்காக ஒரு கருவியும் நானே செய்து வைத்திருந்தேன். ஒரு ஆப்பில் பொத்தான், பட்டை, பெட்டி என்று எத்தனையோ இருக்கும். எதற்கு என்ன நிறம், எவ்வளவு பெரிய எழுத்து என்று யாரால் மனப்பாடம் செய்ய முடியும்? என் கருவியில் பெயரைத் தட்டினால் அதன் ஸ்டைல் முழுவதும் வந்துவிடும், அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். அது சொல்வதை யாரும் மறுபடி சரிபார்த்ததில்லை. எனக்கு அதில் பெருமை உண்டு.

இளவேனில் எனக்குப் பின்னால் சேர்ந்தவள். வடக்குத்துப் பெண். அவளுடைய அப்பா வைத்திலிங்கம், பழுப்பு நிலக்கரி சலிக்கிற ஒரு தனியார் யார்டில் காண்ட்ராக்ட் ஆள். கரி ஏறிப்போகிற பெல்ட் நிற்கும்போது அடியில் புகுந்து சிந்திய கரியை அள்ளவேண்டும். பெல்ட் கிளம்புமுன் சைரன் ஊதுவார்கள், ஆனால் பக்கத்து மெஷின் இரைச்சலில் அது காதில் விழாது. அதனால் அடியில் இருப்பவர்களின் போன் அதிர்ந்து, திரையில் எச்சரிக்கைப் பட்டை வருகிற மாதிரி யார்டில் எங்களிடம் ஒரு ஆப் கேட்டார்கள்.

இளவேனில் அப்பாவை வெயிலில் நிறுத்தி, திரையில் கரித்தூளைத் தூவி, எந்த நிறம் தெரிகிறது என்று பார்த்தாள். ஆரஞ்சு தெரிந்தது. முடிந்துபோன எச்சரிக்கைச் செய்திக்கு வெளுத்த சாம்பல் என்று வைத்துக்கொண்டாள். யார்டுக்கும் அவளே போய்ச் சொல்லிக்கொடுத்தாள்.

"ஆரஞ்சு வந்தா எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய ஓடியாந்துருங்க. வெளுத்துக்கினு இருந்தா, போனு அதிந்தாலும் பழசுங்க, கண்டுக்காதீங்க."

முதலாளி ஜெயப்பிரகாஷ் அவளை டீம் லீடர் ஆக்கப்போவதாகச் சொன்னார். எனக்கு வருத்தமில்லை, வேலை தெரிந்தவள்தான். வீட்டில் அப்பாதான் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல் கேட்டார். "காண்ட்ராக்ட் ஆளு பொண்ணுக்குக் கீழயாடா வேலை பாக்கப்போற?" அவர் சுரங்கக் கம்பெனியில் பர்மனென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் பர்மனென்ட், காண்ட்ராக்ட் என்பது சம்பளத்தோடு நிற்காது, கல்யாணத்தில் யாரைப் பந்திக்கு முதலில் கூப்பிடுவது என்பதுவரை போகும். அவர் சொன்னதற்காகச் செய்தேன் என்று சொல்லமாட்டேன்.

செய்ததும் சின்ன வேலைதான். கருவியில் எச்சரிக்கைப் பட்டையைத் தேடினால், முடிந்த செய்தியின் ஸ்டைல் வருகிற மாதிரி மாற்றிவைத்தேன். நிறம் அங்கே எண்ணும் எழுத்துமாக ஒரு குறியாகத்தான் இருக்கும், படித்தால் தெரியாது. சோதனையெல்லாம் முடிந்திருந்தது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்க, கடைசித் திருத்தத்துக்காக அவள் மறுபடி தேடி எடுத்து ஒட்டினாள். மறுநாள் யார்டு மேனேஜர் முன்னால் திறந்து காட்டும்போது பட்டை வெளுத்துத் தெரியும், அவள் முழிப்பாள். நான் நினைத்தது அவ்வளவுதான்.

மேனேஜர் வரவில்லை. நேராக எல்லோர் போனிலும் ஏற்றிவிடச் சொல்லிவிட்டார். இளவேனில் ஏற்றினாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பாளே என்று வாயை மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போய் நன்மை அப்பமும் வாங்கினேன்.

திங்கட்கிழமை முதல் ஷிப்டில் வைத்திலிங்கத்தின் வலது கை பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவில் போய்விட்டது. தோளோடு எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கே கருவியைப் பழையபடி ஆக்கினேன். பிறகு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் சொன்னார்.

"போனு அதிந்திச்சி தம்பி. எடுத்தும் பாத்தேன். வெளுத்துக்கினு இருந்திச்சி. பழசுன்னு நெனச்சிக்கினு அள்ளிக்கினே இருந்தேன். எம் பொண்ணு அப்பிடித்தான சொல்லிக்குடுத்தா."

கால்மாட்டில் இளவேனில் நின்றிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்கு வந்தாள். "நான் சரியாத்தான எடுத்தேன் ஜாஸ்பர்ண்ணா? எனக்குப் புத்தியே நெலையா இல்ல. நீங்களே தேடிக் காட்டுங்கண்ணா."

தேடிக் காட்டினேன். ஆரஞ்சின் குறி வந்தது. ஆப்பில் தான் ஒட்டியிருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"அப்ப நாந்தான் மாத்தி எடுத்துட்டேன்."

"யாருக்கும் நடக்கறதுதாம்மா," என்று தோளில் தட்டிக்கொடுத்தேன். தட்டிய கை இன்னும் கூசுகிறது. அன்றோடு அவள் வேலையை விட்டாள். டீம் லீடர் இப்போது நான்தான்.

வெட்கமாக இருக்கிறது. சோற்றில் வலது கையை வைத்தால் அவர் தோள் நினைவுக்கு வருகிறது. சில நாள் இடது கையால் சாப்பிட்டுப் பார்த்தேன், எனக்கே நடிப்பாகப் பட்டது, விட்டுவிட்டேன். போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது இளவேனில் அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு இடது கை இருக்கிறது, ஸ்பூனால் சாப்பிடலாம். அவள் விடுவதில்லை. "எங் கையாலதான போச்சி, எங் கையாலயே ஊட்டறேண்ணா," என்றாள். அதைக் கேட்ட பிறகு என்னால் இருக்க முடியவில்லை, நானாக இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

அப்பா சொன்னதற்காகத்தான் செய்தேன். அவர் சொல்லாவிட்டாலும் செய்திருப்பேன். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன், எந்தத் தண்டனையானாலும் சரி.

இளவேனிலிடம் மட்டும் இதைச் சொல்லவேண்டாம். அவள் என்னை இன்னும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள்.