தனிச் சட்டி

பொறி: அந்தத் தலையணையை விடு கீரை... அது என்னுது.

கீரை: தெரியும்டா. அடியில என் போர்வை மாட்டிக்கிட்டு இருக்கு.

பொறி: நகரு, நானே எடுத்துத் தர்றேன். டாக்டர் உன்னை அலட்டிக்கக் கூடாதுன்னு...

கீரை: கிரேன்ல ஏறக் கூடாதுன்னுதான் சொன்னாரு. போர்வை மடிக்கறதைப் பத்தி ஒண்ணும் சொல்லல.

பொறி: இனிமே ஏறவே முடியாதா மச்சான்?

கீரை: அந்தரத்துல இரும்புத் தூண் தொங்கறப்போ மறுபடி வலிப்பு வந்தா? கீழ உட்கார்ந்து வெல்டிங் வைக்கறவன் யாரு? நீதானே!

பொறி: அன்னிக்கும் நான்தான் இருந்தேன். தூண் ஆடுச்சு. ‘தூங்கிட்டியாடா கீரைக்கட்டு’ன்னு கத்தினேன்...

கீரை: கேட்டுச்சு. கடைசியாக் கேட்டது அதுதான். மூஞ்சியைத் தொங்கப் போடாதே, பார்க்கச் சகிக்கல. அந்தச் சட்டியை எடு, அதையும் கட்டணும்.

பொறி: இந்த ஓட்டைச் சட்டி எதுக்கு?

கீரை: எனக்குன்னு நீ வாங்கினதுடா.

பொறி: அதுல ஒரு நாளும் கறி பட்டதில்ல. உன் கரண்டி தனி, கத்தி தனி. என் பன்னிக்கறியை வாசல்ல வேற அடுப்பு மூட்டித்தான் வேக வெச்சேன்.

கீரை: அவசரத்துல பாதிதான் வெந்திருக்கும். ஆனா எனக்கு... எங்க அம்மாகூட அப்படிப் பார்த்துப் பார்த்துச் சமைச்சதில்ல.

பொறி: அப்புறம் அந்தப் பன்னிப்புழு உன் மண்டைக்குள்ள எப்படி வந்துச்சு? எங்க ஊர்னா சரி. பன்னி தெருவுல திரியும், கொல்லைப்பக்கம் ஒதுங்கறவன் பின்னாடியே வரும். எந்தத் தெருவுல பார்த்தாலும் ஒருத்தருக்காவது வலிப்பு. உங்க ஊர்ல பன்னியே கிடையாது. நீயோ முட்டைகூடத் தொடாத ஆளு!

கீரை: டாக்டர்கிட்ட அதையேதான் கேட்டேன். உங்க ஊர் மாதிரி இடத்துல அது பன்னிக்கும் மனுஷனுக்குமா மாறி மாறிச் சுத்துமாம். மத்த இடத்துல பன்னி வேண்டாம், ஒரு ஆள் போதுமாம். வேகாத கறி தின்னவன் வயித்துல புழு வளரும். அவன் பாட்டுக்கு ஜம்முனு இருப்பான். அது போடற முட்டை, சரியாக் கழுவாத கையில ஒட்டிக்கிட்டு அடுத்தவன் சோத்துக்கு வந்தா... இவன் மண்டைக்குள்ள போய்க் கட்டியா உட்காரும்.

பொறி: கையிலேருந்தா...

கீரை: ஆமா. சட்டி மேல தப்பு இல்ல.

பொறி: அந்த ஆள் யாருன்னு... டாக்டர் சொன்னாரா?

கீரை: இல்ல. உன்னையும் பரிசோதனை பண்ணாங்களே, என்ன ஆச்சு?

பொறி: அதுவா... சுத்தமா இருக்குன்னுட்டாங்க.

கீரை: நல்லதாப் போச்சு. அப்போ ஏன் ஒரு வாரமா சமைக்காம கடைச்சோறு வாங்கிட்டு வர்ற?

பொறி: வேலை ஜாஸ்தி மச்சான்...

கீரை: சூப்பர்வைசர் ஏதாவது கேட்டாரா?

பொறி: அதான் ஆச்சரியம்! கூடத் தங்கினவன்னு என்னைத்தான் முதல்ல துரத்துவாருன்னு நினைச்சேன். ஒரு வார்த்தை கேட்கல. உன்னைத்தான் அசிங்கமாப் பேசறானுங்க. ‘கீரை நமக்குத் தெரியாமப் பன்னிக்கறி தின்னிருக்கான், திருட்டுப் பூனை’ன்னு. ஒருத்தன் சட்டையைப் பிடிச்சுட்டேன்.

கீரை: விடுடா. பேசிட்டுப் போறானுங்க.

பொறி: எப்படி விடறது? உன்னைக் கூட்டிட்டுப் போக உங்க அப்பா வர்றப்போ அவர் காதுல விழுந்தா?

கீரை: அப்பா வரல. நான் தனியாத்தான் போறேன்.

பொறி: வலிப்புக்காரனைத் தனியா அனுப்பச் சொல்றாரா?

கீரை: கறி தின்ன வாயோட வீட்டு வாசப்படி ஏறாதேன்னாரு. அக்கா வீட்டுக்குப் போறேன்.

பொறி: நீதான் தின்னவே இல்லையே! அவர் வரைக்கும் போய் இப்படிப் பொய் சொன்னது எவன்டா? பேரைச் சொல்லு... எவன் சொன்னான்?

கீரை: நான்தான் சொன்னேன். இந்தத் தலையணைக்கு அடியில ஆஸ்பத்திரிப் புழு மாத்திரையைப் பார்த்த அன்னிக்கே, நான்தான் கறி தின்னேன்னு எல்லார்கிட்டேயும் சொல்லிட்டேன்... முழுங்கினா அந்த ஆள் நீதான்னு ஆயிடும்னுதானே இன்னும் வெச்சிருக்க? இந்தா தண்ணி. என் கண்ணு முன்னாடி முழுங்குடா, நான் கிளம்பணும்.