பெயர் சொல்லி அழைக்கும் ஆட்டம்

தலைமை ஏற்றிருக்கும் ஐயா முகைதீன் பிச்சை அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் வழக்குரைஞர் பெருமக்களே, கோவில்பத்திலிருந்தும் காரைக்கால்மேட்டிலிருந்தும் திருநள்ளாற்றுக் கிராமங்களிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், நம் தெட்சிணாமூர்த்தியின் துணைவியார் அம்மா சொர்ணாம்பாள் அவர்களே, உங்கள் முன்னால் என்ன பேசுவது என்று தெரியாமல்தான் ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன்.

போய்விட்டாரே நம் வழக்குரைஞர் தெட்சிணாமூர்த்தி! போன வாரம் நீதிமன்றப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. அவர் தொடங்கிய இணையச் சூதாட்ட ஒழிப்புக் குழுவுக்கு நான் செயலாளர். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது.

எதற்குக் கோபம்? இந்த ஏப்ரலில் தமிழ்நாடு இணையச் சூதாட்டத்துக்குத் தடை போட்டது. நம் காரைக்காலுக்கு மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். ஆனால் நாம் புதுச்சேரி. அந்தச் சட்டம் நமக்கு இல்லை. அங்கே ஆட முடியாதவர்கள் பட்டப்பகலில் பைக்கில் இங்கே வருகிறார்கள். எல்லை வளைவைத் தாண்டியதும் புளியமரத்தடியில் வரிசையாக நிற்கிறார்கள். பக்கத்தில் நிற்பவன் முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. போன் திரையில் கட்டைவிரல் மட்டும் அசைகிறது. தெட்சிணாமூர்த்தி ஒரு நாள் அவர்கள் முன் நின்று சத்தமாக வணக்கம் சொன்னார். ஒருவரும் நிமிரவில்லை. "உயிரோட இருக்காங்களான்னு ஒருத்தரத் தொட்டுப் பாத்தேன் ஹரிஹரா" என்று என்னிடம் சொன்னார். அதை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இந்த அவையில் செல்லம்மா இருக்கிறார். அவர் அனுமதியோடு சொல்கிறேன். அவர் மகன் எழிலன் திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தவன். போனில் ஆடும் சீட்டாட்டத்தில் சிக்கி, பணத்தை இழந்து, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். காரியமெல்லாம் முடிந்தது. ஆனால் அவன் படத்துக்கு முன்னால் விளக்கு, விளக்குக்குப் பக்கத்தில் அவன் போன். சார்ஜ் குறையாமல் செல்லம்மா பார்த்துக்கொண்டார். ஏன் தெரியுமா? தினமும் மத்தியானம் அது ஒரு பெண் குரலில் பேசும்: "எழிலன், உங்கள் இடம் காலியாக இருக்கிறது. வாங்க." இந்தத் தாய் ஓடிப்போய்த் திரையைத் தொடுவார். சீட்டுகள் விழும். ஒரு நாள் எங்கள் கண் முன்னாலேயே அது சொன்னது: "வாழ்த்துகள் எழிலன், நீங்கள் வென்றுவிட்டீர்கள்!" மாலை போட்ட படத்துக்கு முன்னால்!

தெட்சிணாமூர்த்தி அந்த ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்தை அழைத்து நிறுத்தச் சொன்னார். கணக்கு வைத்திருப்பவரே வந்து கேட்டால்தான் நிறுத்துவார்களாம். எழிலன் வந்து கேட்க வேண்டுமாம்! அதிகாரிகளிடம் போனோம், இங்கே அதற்குச் சட்டம் இல்லை என்றார்கள்.

செல்லம்மா வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். அக்கரை தமிழ்நாடு. தெட்சிணாமூர்த்தி ஒரு மத்தியானம் அவரையும் போனையும் அக்கரைக்கு அழைத்துப் போனார். அழைக்கும் நேரம் வந்தது, போனது. போன் வாயைத் திறக்கவில்லை. சட்டம் என்ன செய்யும் என்று காட்டிவிட்டதாக நாங்கள் நினைத்தோம். செல்லம்மா வரப்பில் உட்கார்ந்து அழுதார்.

"எம் புள்ளைய வேற யாருங்கய்யா இப்ப பேர் சொல்லிக் கூப்புடுறா? என்னை அந்தப் பக்கமே கொண்டுபோயி விட்ருங்க."

அதன் பிறகு போனைப் பற்றி நம் வழக்குரைஞர் பேசவே இல்லை. நீதிமன்றம் முடிந்ததும் செல்லம்மா வீட்டுக்குப் போவார். எழிலன் சின்ன வயதில் எப்படி, என்ன சாப்பிடுவான் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவன் பெயரைச் சொல்ல இன்னொரு வாய் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அந்த அம்மா போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார். எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது இந்த வித்தை?

நேற்று கோவில்பத்தில் நம் வழக்குரைஞர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம். அவர் படத்துக்குக் கீழே இருந்து அதே பெண் குரல்: "தெட்சிணாமூர்த்தி, உங்கள் இடம் காலியாக இருக்கிறது. வாங்க."

வழக்குக்கு ஆதாரம் வேண்டும் என்று அந்த ஆட்டத்தைத் தன் போனில் ஏற்றியிருந்தார். ஒரு கை கூட ஆடியதில்லை. அதற்கென்ன? பெயர் தெரிந்துவிட்டது அதற்கு. நான் பதறி, அதை அழிக்கப் போனேன். சொர்ணாம்பாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழிச்சிராதீங்க தம்பி. அவங்க சேத்து வச்ச சாட்சி இது. கூப்புட்டுக்கிட்டே கெடக்கட்டும். நான் எடுக்க மாட்டேன்."

பெரியோர்களே! கணவர் பெயரை ஒரு இயந்திரம் தினமும் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் இருக்க அவர் துணிந்துவிட்டார். நாம் என்ன செய்யப்போகிறோம்? வரும் திங்கட்கிழமை நம் குழு, அம்மா கொடுத்தனுப்பும் அந்த போனோடு புதுச்சேரிக்குப் புறப்படுகிறது. வழியெல்லாம் தமிழ்நாடு, அது பேசாது. புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்துவிட்டால், மத்தியானம் நம் தெட்சிணாமூர்த்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். சட்டமன்ற வாசலில் அதை எல்லோரும் கேட்கும்படி வைப்போம். நமக்கும் ஒரு தடைச் சட்டம் வரும்வரை அந்த வாசலை விட்டு நகர மாட்டோம். அதுவரை அந்த போனை அணைக்க மாட்டோம். எடுக்கவும் மாட்டோம்.